பெயரிலாத் தலைவனும் பெயர்பெற்ற மாந்தரும்

கதை சொல்லும் கலை ஒவ்வொரு காலத்தும் புதியதோர் அரங்கில் ஏறுகின்றது. இக்காலத்தில் அது ஏறியுள்ள அரங்கு, வீடியோ கேம் எனப்படும் கணினி விளையாட்டு. அவ்விளையாட்டுகளுக்குக் கதை எழுதுவோர் மாந்தர், உரையாடல், கதைக்களம், கிளைக்கதை ஆகிய யாவற்றையும் ஆங்கிலச் சொற்களாலேயே வழங்கி வருகின்றனர். தில்லியிலும் பிற நகரங்களிலும் வளரும் நம் பிள்ளைகள் அச்சொற்களையே கேட்டுப் பழகுவதால், இத்துறையைப் பற்றிப் பேசத் தமிழில் சொல் இல்லை என்று எண்ணிவிடுதல் கூடும். அவ்வெண்ணம் பொருந்துமா என்பதை வரலாற்று வழிநின்று ஈண்டு நோக்குவோம்.

தொல்காப்பியச் செய்யுளியல், செய்யுளுக்கு முப்பத்து நான்கு உறுப்புகளை வகுத்துரைக்கின்றது. அவற்றுள் எழுத்து, அசை, சீர் முதலியன ஓசை பற்றியவை. கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்பனவோ முற்றிலும் கதைக்கலை பற்றியவை. பேசுபவர் யார், கேட்பவர் யார், எவ்விடத்து, எப்பொழுது, எப்பயன் கருதி என்னும் வினாக்களை இவை எழுப்புகின்றன. இன்னார் இன்னார்க்கு இவ்விடத்து இதனைக் கூறினார் என்று குறிப்பால் உணரவைப்பது முன்னம். சொல்லாது விட்டதைச் சொல்லாலோ குறிப்பாலோ முடித்துக்கொள்ளுமாறு நிற்பது எச்சம். இன்றைய கதையாசிரியன் தன் மேசைமுன் அமர்ந்து எண்ணிப் பார்ப்பனவும் இவையே அல்லவா?

மாந்தரைப் பற்றித் தமிழர் கொண்ட மரபு இதனினும் வியப்புடைத்து. அகத்திணையில் தலைவன், தலைவி, தோழி, பாங்கன், செவிலி, நற்றாய் என நிலையால் சுட்டுவதன்றி, ஒருவரையும் இயற்பெயரால் சுட்டுதல் கூடாது என்பது விதி. இவ்விதி எத்துணை உறுதியாகப் போற்றப்பட்டது என்பதற்கு நெடுநல்வாடை சான்று. பிரிந்த தலைவியின் துயரைப் பாடிய அப்பாட்டில் வேலில் கட்டிய வேப்பந்தழை இடம்பெறுகின்றது. வேம்பு பாண்டியர் பூ. அவ்வோர் அடையாளம் தலைவன் இன்னான் என்று காட்டிவிட்டமையால், அதனைப் புறம் எனக் கொண்டார் நச்சினார்க்கினியர்.

பெயரை மறைத்ததன் பயன் யாது? பெயர் இல்லாத இடத்தில் கேட்போர் தம்மைப் பொருத்திக்கொள்ள இயலும். ஊரும் பெயரும் குறிக்கப்படாத தலைவியின் துயர், கேட்கும் ஒவ்வொருத்தியின் துயராகவும் ஆகின்றது. 1986-இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’ என்னும் விளையாட்டிலும் இத்தகையதோர் உத்தியைக் காண்கிறோம். அதன் வீரனுக்கு ஆடுபவர் தம் பெயரையே இட்டுக்கொள்ளலாம். அவ்வீரனோ வாய் திறந்து பேசுவதில்லை. கடலுக்கு அப்பால் வேறொரு தேவை பற்றிக் கண்ட வழி, நம் அகமரபின் வழியோடு ஒத்திருத்தல் எண்ணி மகிழத்தக்கது.

இனி, பெயர்பெற்ற மாந்தரைக் காண்போம். சிலப்பதிகாரம் மூன்று காண்டங்களும் முப்பது காதைகளுமாகக் கண்ணகி, கோவலன், மாதவி என்னும் தனி மாந்தரை நிறுவிக் காட்டியது. உரைநடைக் காலம் பிறந்தபோது, 1879-இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளை தம் நூலுக்குப் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எனப் பெயரிட்டார். தனிமனிதன் ஒருவனின் வாழ்வும் சரித்திரமாகும் தகுதி பெற்றது. தில்லியில் வாழ்ந்து எழுதிய ஆதவன் ‘என் பெயர் ராமசேஷன்’ என்றே ஒரு நாவலுக்குத் தலைப்பிட்டார். பெயரை மறைத்த மரபு, பெயரையே முழங்கும் நிலைக்கு வந்தமை இலக்கிய வரலாற்றின் பெருந்திருப்பம் எனலாம்.

இவ்விரு மரபும் ஒருங்கே அமைந்த விளையாட்டு ஒன்றைப் புலம்பெயர்ந்த தமிழரே படைத்துள்ளனர். டொராண்டோ நகரின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட ‘வெண்பா’ அது. 1988-இல் கனடாவில் வாழ்வைத் தொடங்கும் வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரே அதன் மாந்தர். தாய் தந்த சமையற் குறிப்பேடு சிதைந்துள்ளது. அழிந்த இடங்களை ஊகித்து இட்டலி முதலியவற்றைச் சமைத்து முடிப்பது ஆடுபவர் கடமை. தொல்காப்பியர் கூறிய எச்சத்திற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுமோ! மகன் தன் தாய்மொழியினின்று விலகிச் செல்லும் துயர் அக்கதையின் உயிர். அத்துயர் கனடாவுக்கு மட்டும் உரியதன்று. நம் இல்லங்களுக்கும் உரியது.

ஒன்று மட்டும் நேர்மையுடன் கூறுதல் வேண்டும். பண்டைக் கேட்போர் கேட்டதோடு அமைந்தனர். இன்றைய விளையாட்டிலோ கேட்போரே கூற்றுக்கும் உரியவராகிக் கதையை நடத்துகின்றனர். அவர்க்குப் பெயர் பழைய நூலில் இல்லை. ‘ஆடுநர்’ என நாம் வழங்கலாம். உரையாடலைக் கூற்று என்றும், கதைச்சூழலைக் களன் என்றும், ஆடுநர் நிரப்புமாறு விட்ட இடத்தை எச்சம் என்றும் வழங்குவதில் தடை ஏதுமில்லை.

புதிதாகப் புனையப்படும் செய்யுளுக்கு ‘விருந்து’ எனப் பெயரிட்டவர் தொல்காப்பியர். கணினி விளையாட்டும் நம் இல்லத்திற்கு வந்துள்ள விருந்தே. வந்த விருந்தை நம் மொழியால் வரவேற்போமாயின், நாளை அதற்குக் கதை எழுதப் புகும் நம் பிள்ளைகள், தம் தொழிலின் சொற்களைத் தாய்மொழியிலும் அறிந்தவராய் விளங்குவர்.