வேலூர்–ஆம்பூர் வட்டாரச் சொற்களில் பிறமொழித் தாக்கம்

பாலாற்றங்கரைத் தோல் நகரங்களின் பேச்சில் கலந்த வேற்றுமொழிச் சொற்கள். ஆற்காடு நவாபுகளின் ஆட்சிமொழி பாரசீகம். தாசில்தார், ஜமாபந்தி, வக்கீல் போன்றவை அக்கால நிர்வாகத்தின் எச்சம். இவை தமிழகமெங்கும் உள்ளவையே. இவ்வட்டாரத்துக்குத் தனிநிறம் தருவது வாணியம்பாடி, ஆம்பூர் முஸ்லிம் குடும்பங்களின் தக்கனி உருது. அதில் மறுப்புச் சொல்லான ‘நக்கோ’ மராத்தி வழி வந்தது. ஆம்பூர் பிரியாணியின் பெயர் பாரசீகம். ஆற்காட்டு மக்கன் பேடாவின் ‘மக்கன்’ உருதில் வெண்ணெய்.

தோல் தொழிலில் நிலைமை வேறு. ஆவாரம்பட்டை, கடுக்காய் கொண்டு பதனிட்ட காலத்துப் பொருட்பெயர்கள் தமிழே. 1970களில் அரைப்பதன் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்து, முழுப்பதனும் காலணி உற்பத்தியும் பெருகியதும் ‘வெட் ப்ளூ’, ‘கிரஸ்ட்’, ‘பினிஷிங்’ என ஆங்கிலம் ஆக்கிரமித்தது. குரோமிய உப்பால் நீலம்பாய்ந்த ஈரத்தோலே வெட் ப்ளூ.