நீரில் மூழ்கியவரின் படம்

படத்தைக் கொண்டு பொய் சொல்லி நகைக்கும் குறும்பு, 1990இல் ‘போட்டோஷொப்’ கணினிக்கு வந்ததோடு பிறந்ததென எண்ணுவோர் பலர். நாம் அதன் மூலத்தை 1840ஆம் ஆண்டுப் பாரிசில், ஓர் எழுதுவினைஞரின் வயிற்றெரிச்சலிற் காண்கிறோம்.

நிதியமைச்சில் ஊழியம் பார்த்த இப்பொலித் பயார், காகிதத்தில் நேரடியாகவே ஒளிப்படம் பதிக்கும் முறையைக் கண்டவர். 1839 ஜூனில் அப்படங்களை மக்கள்முன் காட்சிக்கும் வைத்தவர். எனினும் அரசு போற்றியது, உலோகத் தகட்டிற் படம் பதித்த லூயி தாகேரையே. அவருக்கு ஆண்டுதோறும் 6,000 பிராங்க் உதவிப்பணம். பயாருக்கோ கருவி வாங்கவென வெறும் 600. செல்வாக்குடையோர் கண்டால்தானே அது கண்டுபிடிப்பு!

பயார் இடையில் துணி சுற்றி, கண்மூடிச் சாய்ந்து, தம்மையே பிணமாகப் படமெடுத்தார். அரசு கைவிட்டமையால் நீரில் மூழ்கி மாண்டாரென்றும், பிணவறையிற் பல நாளாகியும் உரிமைகோர ஆளில்லையென்றும் அதன் பின்புறத்தில் எழுதினார். படத்தில் முகமும் கைகளும் கறுத்திருந்தன. அவை அழுகத் தொடங்கிவிட்டன, நாற்றம் தாக்குமுன் அப்பாற் செல்லுங்கள் எனக் கனவான்களுக்கு எச்சரிக்கையும் விடுத்தார். நெடுநேரம் அசையாதிருந்தால் மட்டுமே படம் விழும் அக்காலத்தில், பிணத்தைவிடத் தோதான வேடம் வேறேது?

அவர் மெய்யாகவே இறந்தது 1887இலேதான்.