கீரையும் பூவும் பறிக்கலாம்: நகரத்துச் சமூகத் தோட்டங்கள்

மலேசியத் தமிழருக்குத் 'தோட்டம்' என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பால்மரமும் செம்பனையும்தான். அந்தத் தோட்டங்களுக்குள்ளே இன்னொரு சின்னத் தோட்டமும் இருந்தது. லயத்து வீட்டின் பின்புறம் கீரைப் பாத்தி, முருங்கை, கறிவேப்பிலை, வேலியோரம் செம்பருத்தி. சமையலுக்கும் சாமிக்கும் அங்கேயே பறித்துக்கொண்டார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்கு இடம்பெயர்ந்தபோது, வேலையோடு அந்தப் பாத்தியும் கைவிட்டுப் போனது.

நகரங்களில் இப்போது காணப்படும் 'கெபூன் கொமுனித்தி' எனப்படும் சமூகத் தோட்டங்கள் அந்தப் பழக்கத்துக்கு மீண்டும் இடம் தருகின்றன.

எப்படி இயங்குகிறது?

குடியிருப்பாளர் சங்கமோ ருக்குன் தெத்தாங்காவோ பொறுப்பேற்று, சும்மா கிடக்கும் நிலத்தில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து பயிரிடுவதே சமூகத் தோட்டம். விளைச்சலை உழைத்தவர்கள் பகிர்ந்துகொள்வார்கள். மிஞ்சியதை விற்பதும், இல்லாதவருக்குக் கொடுப்பதும் உண்டு.

தலைநகரில் நன்கு அறியப்பட்ட உதாரணம் கெபூன்-கெபூன் பங்சார். நில வடிவமைப்பாளர் இங் செக் சான் முன்முயற்சியில் 2017இல் தொடங்கிய இத்தோட்டம், உயர் அழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே உள்ள சுமார் 8 ஏக்கர் ஒதுக்கு நிலத்தில் அமைந்தது. தன்னார்வலர்கள் அங்கே காய்கறி, பழம், மூலிகைகளை வளர்த்தனர். விளைச்சலில் ஒரு பங்கு ஏழைகளுக்கு உணவளிக்கும் அமைப்புகளுக்குப் போனது.

காய், கீரை பறிக்கும்போது

திறந்த இடமாக இருந்தாலும் ஒவ்வொரு பாத்திக்கும் தண்ணீர் ஊற்றிய ஒருவர் இருக்கிறார். எதைப் பறிக்கலாம், எவ்வளவு பறிக்கலாம், பூச்சி மருந்து எப்போது அடித்தார்கள் என்று கேட்டுவிட்டே கை வைக்க வேண்டும்.

கீரையைக் காலையிலேயே பறிப்பது நல்லது. வெயில் ஏறினால் வாடிவிடும். பொன்னாங்கண்ணியை வேரோடு பிடுங்காமல் தண்டை விட்டு நறுக்கினால் மீண்டும் தழைக்கும். வெண்டைக்காய் நுனி 'பட்'டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். வெண்டையை ஓரிரு நாளுக்கு ஒருமுறை பறிக்காவிட்டால் முற்றிப்போவதோடு காய்ப்பும் குறையும்.

பூ பறிக்கும்போது

தைப்பூசம், தீபாவளி நெருங்கினால் பூ விலை ஏறுவது தெரிந்ததே. தமிழகத்திலிருந்து விமானத்தில் வரும் மல்லிகைக்கு அந்தச் செலவும் சேரும். செம்பருத்தி, நந்தியாவட்டை, செண்டுமல்லி, சங்குப்பூ ஆகியவை நம் வெயிலுக்கும் மழைக்கும் எளிதாக வளர்பவை. செண்டுமல்லியைப் பறிக்கப் பறிக்க மேலும் பூக்கும். சங்குப்பூ பூசைக்கு மட்டுமன்றி, நாசி கெராபு சோற்றுக்கு நீல நிறம் ஏற்றவும் பயன்படுவதால் மலாய்க்கார அண்டை வீட்டாரும் தேடி வருவார்கள்.

அரளியில் மட்டும் கவனம் தேவை. பூ, இலை, தண்டு அனைத்தும் நஞ்சு. பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; பறித்ததும் கை கழுவ வேண்டும்.

தோட்டத்து வாளி, டிரம், பூச்சட்டித் தட்டு எதிலும் தண்ணீர் தேங்கவிடக் கூடாது. ஏடிஸ் கொசு ஒரு வாரத்திலேயே பெருகிவிடும்.

நிலம் யாருடையது?

லயத்துப் பாத்தியை உழுதவர் யாரும் அதன் சொந்தக்காரர் இல்லை. சமூகத் தோட்டத்தின் நிலையும் பெரும்பாலும் அதுதான். நாளை வேறு தேவை வந்தால் நிலத்தைத் திரும்பக் கேட்கலாம். தேசிய நிலச் சட்டத்தின்படி அரசு நிலத்துக்குத் தரப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம்கூட அந்த ஆண்டு டிசம்பர் 31உடன் முடிந்துவிடும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஆகவே, புதிதாகத் தொடங்குவோர் மண்வெட்டி எடுக்கும் முன் நிலம் யார் பெயரில் உள்ளது என்று மாவட்ட நில அலுவலகத்தில் விசாரித்து, அனுமதியை எழுத்தில் பெறுவது அவசியம்.

அனுமதிக் கடிதத்துக்கு அடுத்த பாதுகாப்பு, தொடர்ந்து வரும் ஆட்கள்தான். வீட்டில் தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா, பாட்டி இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லலாம். எந்தக் கீரையை எப்போது விதைப்பது என்று அவர்களுக்குப் புத்தகம் பார்க்காமலே தெரியும். ஆள் வராத பாத்தியில் லாலான் முளைக்கும். லாலான் மண்டிய நிலத்தைத் திரும்பக் கேட்டால், வேண்டாம் என்று சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.