நந்தனார் பள்ளியும் கடலூரின் கடைசி இடமும்

சுவாமி சகஜானந்தாவின் நினைவில் கூடும்போது அவருடைய துறவைப் பற்றியும் பேச்சாற்றலைப் பற்றியும் பேசுவது எளிது. நாம் இன்று அவர் தொடங்கிய பள்ளிக்கூடத்தின் வரவு செலவைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

பொதுத்தேர்வு முடிவு வந்ததும் ஆண்டுதோறும் மாவட்டங்களை வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் வருகிறது. பழைய ஆர்க்காட்டு மண்ணில் பிரிந்து உருவான கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்கள் பல ஆண்டுகள் அதன் அடியில்தான் கிடந்தன. மாணவர்களின் மாநிலத் தரவரிசையை அரசு 2017இல் நிறுத்திவிட்டது. மாவட்டங்களின் வரிசை மட்டும் தொடர்கிறது. மாவட்டத்துக்கு மனம் நோகாது போலும்.

பட்டியலைப் பார்த்த மேலதிகாரி தலைமையாசிரியரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கிறார். அடுத்த ஆண்டு சில பள்ளிகளில் என்ன நடக்கிறது என்பது நம் ஊர்களில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒன்பதாம் வகுப்பில் படிப்பு ஏறாத பிள்ளையின் தாயை வரச்சொல்லி, "டி.சி. வாங்கிக்கிட்டுப் போம்மா, தனித்தேர்வரா எழுதட்டும்" என்று அனுப்பிவிடுகிறார்கள். பள்ளியின் விழுக்காடு ஏறுகிறது. பிள்ளை கரும்பு வெட்டப் போகிறான்.

தேர்ச்சியைக் காட்டினால்தான் மதிப்பு, பணம் என்பது நேற்று வந்த யோசனை அல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தின் தொடக்கப் பள்ளிகளுக்கு 'தேர்ச்சி மானியம்' என்றொரு முறை இருந்தது. ஆய்வாளர் வந்து பிள்ளைகளைச் சோதிப்பார். தேறியவர்களைக் கணக்கிட்டு மானியம் கிடைக்கும். நடவுக் காலத்தில் அவர் வந்தால் சேரிப் பள்ளியில் யார் இருந்திருப்பார்கள்? பண்ணையில் மாடு மேய்த்த பிள்ளை பள்ளிக்கு வராதது பள்ளியின் குறையாக எழுதப்பட்டது. பண்ணையின் குறையாக எழுதப்படவில்லை. 1893இல் பஞ்சமர் கல்விக்காக வந்த 68ஆம் எண் அரசாணை தனிச் சலுகைகளைத் தந்தது. அதை மகாசாசனம் என்றே கொண்டாடியவர்கள் உண்டு. ஆனால் ஊர்ப் பள்ளியின் கதவை அது திறந்துவிடவில்லை.

அந்தக் கதவு மூடியிருந்ததால்தான் 1916இல் சகஜானந்தா சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவிப் பள்ளி தொடங்கினார். நந்தன் உள்ளே போக நெருப்பில் இறங்க வேண்டியிருந்ததாகப் புராணம் சொல்லும் ஊரில், அவன் பெயரில் எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஓர் இடம். அரசு இதற்குப் பிறகுதான் விழித்தது. 1920 வாக்கில் தொழிலாளர் துறை உருவாகி, நம் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்த ஊர்களில் தனிப் பள்ளிகளைத் திறந்தது. 1949இல் அந்தப் பொறுப்பு அரிசன நலத்துறைக்குப் போனது. பின்னாளில் அதுவே ஆதிதிராவிடர் நலத்துறை ஆயிற்று. நந்தனார் பள்ளியும் இன்று அந்தத் துறையின் கையில்தான் இருக்கிறது.

இதில் நாம் நின்று பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. தீண்டாமையைச் செய்த ஊருக்கு அரசு அபராதம் போடவில்லை. ஊர்ப் பள்ளிக்கு மானியத்தை நிறுத்தவும் இல்லை. விலக்கப்பட்டவர்களுக்கு இன்னொரு சிறு கணக்குத் தலைப்பைத் திறந்துகொடுத்தது. கல்விக்குக் கல்வித்துறை, நமக்கு நலத்துறை. உரிமை அந்த இடத்தில்தான் நலமாக மாறிற்று.

அதன் வடு இன்றும் தெரிகிறது. தமிழகத்தில் உள்ள 1,138 ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் 108 உயர்நிலை, 98 மேல்நிலை. இவற்றின் நிர்வாகத்தைப் பார்ப்பவர்கள் வருவாய்த் துறையிலிருந்து வந்த அலுவலர்களும் தனி வட்டாட்சியர்களும். பட்டா, சாதிச் சான்றிதழ், விடுதி அரிசி எல்லாவற்றுக்கும் நடுவில் அவர்கள் கையெழுத்திடும் கோப்புகளில் ஒன்று இயற்பியல் ஆசிரியர் இல்லாத பள்ளி. கடலூரில் மக்கள்தொகையில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர் என்கிறது 2011 கணக்கெடுப்பு. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்து, மூன்றே மாதத்தில் பொதுத்தேர்வு வந்தது. கூரை போன வீட்டுப் பிள்ளையும் கூரை இருந்த மாவட்டத்துப் பிள்ளையும் ஒரே பட்டியலில்தான் வந்தார்கள். நெய்வேலியில் பல பத்தாண்டுகளாகப் பழுப்பு நிலக்கரி எடுக்கும் மாவட்டம் இது என்பதையும் சொல்லிவைப்போம்.

பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. நம் மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்பத் திட்ட நிதியை ஒதுக்கச் சிறப்பு உட்கூறுத் திட்டம் 1980ஐ ஒட்டியே வந்துவிட்டது. பொதுத் திட்டங்களின் செலவை அதில் எழுதிக்கொள்வதுதான் பழக்கமாயிற்று. 2023இல் மகளிர் உரிமைத் தொகைக்கு இதிலிருந்து நிதி எடுப்பது குறித்துத் தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. 2024இல் இந்த நிதிக்கென்று தனிச் சட்டமே வந்திருக்கிறது; அது வந்ததில் நமக்கு மகிழ்ச்சிதான், செலவுக் கணக்கைப் பார்த்த பிறகு இன்னும் கொஞ்சம் மகிழ்வோம்.

2023 நிதிநிலை அறிக்கையில் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித்துறையோடு இணைப்பதாக அறிவித்தார்கள். நம் தோழர்கள் இதில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். தனிப் பள்ளி என்பதே தீண்டாமையின் மிச்சம், ஆகவே போகட்டும் என்கிறது ஒரு தரப்பு. நிலமும் கட்டடமும் ஆசிரியர் பணியிடங்களும் நம் கையைவிட்டுப் போகும் என்கிறது மற்றது. இரண்டாவது அச்சத்தை நாம் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 'காலனிப் பள்ளிக்கூடம்' என்ற பெயருக்காகவே ஊர்க்காரர்கள் பிள்ளையை அனுப்பாத பள்ளியை, நாளை சேர்க்கை குறைவு என்று சொல்லி மூடினால் யாரிடம் போய்க் கேட்பது? ஆனால் பெயர்ப்பலகைக்காக மட்டும் நடக்கும் சண்டையிலும் நமக்கு ஆர்வமில்லை. இணைக்கும் முன், மாவட்ட வாரியாக, பள்ளி வாரியாக, எத்தனை பணியிடம் காலி, எந்த நிலம் யார் பெயரில், உட்கூறு நிதியிலிருந்து எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு வந்தது என்று அச்சிட்டு வெளியிட வேண்டும். தேர்ச்சிப் பட்டியலை ஒரே காலையில் வெளியிட முடிகிற அரசுக்கு இது முடியாத வேலை அல்ல. கடலூர் மாவட்டத்துக்கான மனுவை எழுதி எடுத்துவந்திருக்கிறோம். வாசலில் மேசைமேல் இருக்கிறது. அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள், பள்ளியின் பெயரையும் ஆண்டையும் சேர்த்தே கையெழுத்திடுங்கள்.