டூசான் கோபுரங்கள்: தண்ணீரில் ஒளிந்த விஷத்தைக் காற்றால் பிரித்த கதை



நீர் சுத்திகரிப்பு பற்றிய பாடப் புத்தகங்களில் 'ஏர் ஸ்ட்ரிப்பிங்' என்ற தலைப்புக்கு ஒன்றிரண்டு பக்கம்தான் கிடைக்கும். ஒரு கோபுரப் படம், ஒரு சமன்பாடு, ஒரு கணக்கு, அவ்வளவுதான். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அந்தக் கோபுரம் எதற்காகக் கட்டப்பட்டது, அதற்காக யார் போராடினார்கள், கடைசியில் அது என்ன ஆனது என்பதெல்லாம் அந்தப் பக்கங்களில் இருக்காது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள டூசான் நகரத்தை வைத்து அந்தக் கதையைப் பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் அறிவியல்

கோலி சோடாவை உடைத்தவுடன் 'புஸ்' என்று பொங்குகிறதே, ஏன்? பாட்டிலுக்குள் அழுத்தம் இருந்தவரை வாயு தண்ணீரில் அடங்கிக் கிடந்தது. மேலே இருந்த அழுத்தம் போனதும் வெளியே ஓடுகிறது. ஒரு வாயு தண்ணீரில் எவ்வளவு கரையும் என்பது தண்ணீருக்கு மேலே அந்த வாயுவின் அழுத்தம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. இதை 1803-ல் சொன்னவர் இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி. இன்றும் அது ஹென்றி விதி என்றே அழைக்கப்படுகிறது.

இதைத் திருப்பிப் போட்டால் சுத்திகரிப்பு முறை வந்துவிடும். எளிதில் ஆவியாகும் ஒரு ரசாயனம் தண்ணீரில் கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தண்ணீரைச் சுற்றிச் சுத்தமான காற்றை ஓட விட்டுக்கொண்டே இருந்தால் ரசாயனம் தண்ணீரை விட்டுக் காற்றுக்குத் தாவும். தண்ணீரும் காற்றும் தொட்டுக்கொள்ளும் பரப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகமாக நடக்கும். டீ மாஸ்டர் டீயை உயரத்தில் இருந்து ஆற்றும்போது சீக்கிரம் சூடு குறைவதும் ஏறக்குறைய இதே காரணத்தால்தான்.

கோபுரத்தின் அமைப்பு எளிமையானது. உயரமான உருளைக்குள் ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் துண்டுகளைக் கொட்டி நிரப்பியிருப்பார்கள். மேலிருந்து தண்ணீரைத் தெளிப்பார்கள். கீழிருந்து ஊதுவிசிறி காற்றைத் தள்ளும். தண்ணீர் அந்தத் துண்டுகள் மேல் மெல்லிய படலமாக வழிந்து இறங்க, காற்று எதிர்த் திசையில் ஏறும். இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றுமல்ல. ரசாயன ஆலைகளில் இப்படிப்பட்ட கோபுரங்கள் ஏற்கெனவே இருந்தன. உள்ளே நிரப்பும் வளையங்களுக்கு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜெர்மானியர் ஃப்ரீட்ரிக் ராஷிக் பெயர் வைக்கப்பட்டுவிட்டது. குடிநீரில் கெட்ட வாடையையும் இரும்பையும் போக்கக் காற்றேற்றும் பழக்கமும் பழையதுதான்.

அப்படியானால் 1980-களில் திடீரென்று இந்தக் கோபுரங்கள் ஊர் ஊராக முளைத்தது ஏன்?

கண்ணுக்குத் தெரியாதது தெரிந்தபோது

1974-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. நெதர்லாந்தில் ரோட்டர்டாம் நகரக் குடிநீர் துறையில் வேலை பார்த்த யோஹானஸ் ரூக், குளோரின் கலந்த குடிநீரில் குளோரோஃபார்ம் உருவாவதை எழுதினார். அதே ஆண்டு அமெரிக்கா பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தை நிறைவேற்றியது. இப்படிப்பட்ட ரசாயனங்களை மிக நுண்ணிய அளவில் அளக்கும் கருவிகளும் அப்போதுதான் ஆய்வகங்களுக்கு வந்துகொண்டிருந்தன. அந்தச் சோதனை முறையே என்ன தெரியுமா? தண்ணீர் மாதிரிக்குள் வாயுவைக் குமிழ் குமிழாக விட்டு, அது இழுத்து வரும் ரசாயனத்தைப் பிடித்து அளப்பது. அதாவது சோதனைக் குழாய்க்குள் ஒரு குட்டி ஏர் ஸ்ட்ரிப்பிங்! நோயைக் கண்டுபிடித்ததும் மருந்தாக வந்ததும் ஒரே தத்துவம்தான்.

இப்படித் தேடியபோது அடிக்கடி அகப்பட்ட பெயர் ட்ரைக்ளோரோஎத்திலீன், சுருக்கமாக டி.சி.இ. இயந்திர பாகங்களில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க இதைப் போல வசதியான கரைப்பான் இல்லை. தீப்பற்றும் பயம் குறைவு, சீக்கிரம் உலர்ந்துவிடும். ஒரு காலத்தில் இதை மயக்க மருந்தாகவும், காபிக்கொட்டையில் இருந்து கஃபீனை நீக்கவும்கூடப் பயன்படுத்தினார்கள். இப்போது நிலைமை வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தியது.

தரையில் ஊற்றினால் ஆவியாகிப் போய்விடும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஒரு பகுதி போகும். மீதி மண்ணுக்குள் இறங்கும். டி.சி.இ. தண்ணீரைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு கனமானது. அதனால் நிலத்தடி நீரின் மேல் மிதக்காமல் அடியில் போய்த் தங்கி, பல பத்தாண்டுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும். அமெரிக்கக் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரே ஒரு லிட்டர் டி.சி.இ. சுமார் 29 கோடி லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டு வந்துவிடும்!

டூசானில் நடந்தது

டூசான் ஒரு பாலைவன நகரம். 1992-ல் கால்வாய் வழியாகக் கொலராடோ ஆற்று நீர் வரும்வரை நகரம் குடித்தது முழுக்க முழுக்க நிலத்தடி நீர்தான். 1951-ல் ஹியூஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம் விமான நிலையத்துக்கு அருகே ஏவுகணைத் தொழிற்சாலையைத் தொடங்கியது. அமெரிக்க விமானப் படைக்குச் சொந்தமான அந்த ஆலையிலும், விமான நிலையத்தைச் சுற்றி இருந்த மற்ற பட்டறைகளிலும் கரைப்பான்கள் ஏராளமாகச் செலவாயின. கழிவு எங்கே போனது? அடியில் எந்தத் தடுப்பும் இல்லாத குழிகளுக்கும் குட்டைகளுக்கும் ஓடைகளுக்கும் போனது.

நிலத்தடி நீர் நகர்ந்த திசையில் இருந்தது நகரின் தென்பகுதி. அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலானோர் மெக்ஸிகோ வம்சாவளிக் குடும்பங்கள். அந்தத் தண்ணீரில்தான் குடித்தார்கள், சமைத்தார்கள், குளித்தார்கள். அதில் தவறு இருப்பதாக யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

1981-ல் சோதனை செய்தபோது கிணறுகளில் டி.சி.இ. தெரிந்தது. நகராட்சி அந்தக் கிணறுகளை மூடியது. 1983-ல் அந்தப் பகுதி 'சூப்பர்ஃபண்ட்' பட்டியலில், அதாவது நாட்டில் உடனடியாகச் சுத்தம் செய்ய வேண்டிய மோசமான இடங்களின் பட்டியலில், சேர்ந்தது. ஆனால் மக்களின் கேள்வி வேறு: "இத்தனை வருஷம் குடித்தோமே, அதற்கு என்ன பதில்?" 1985-ல் அரிசோனா டெய்லி ஸ்டார் நாளிதழில் ஜேன் கே என்ற செய்தியாளர் அந்தத் தெருக்களில் இருந்த நோய்களைப் பற்றித் தொடராக எழுதினார். மக்கள் சங்கம் அமைத்தார்கள். 'தூய சுற்றுச்சூழலுக்கான டூசான் மக்கள்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர். அதன் முதலெழுத்துகளைச் சேர்த்தால் வருவது டி.சி.இ.! 1991-ல் ஹியூஸ் நிறுவனம் சுமார் 1,600 பேர் தொடுத்த வழக்கை 8.45 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது.

கோபுரங்கள் வந்தன

விமானப் படை தன் ஆலைப் பகுதியில் 1987-லேயே நீரை இறைத்துச் சுத்தம் செய்து மறுபடி நிலத்துக்குள் செலுத்தத் தொடங்கியது. வடக்கே பரவிவிட்ட மாசுக்காக நகராட்சியின் சுத்திகரிப்பு நிலையம் 1994-ல் இயங்க ஆரம்பித்தது. அங்கே மையமாக நின்றவை ஏர் ஸ்ட்ரிப்பிங் கோபுரங்கள்.

டி.சி.இ.யைப் பொறுத்தவரை இந்த முறை கனகச்சிதம். 25 டிகிரி வெப்பத்தில், ஒரு லிட்டர் தண்ணீரில் இருப்பதில் சுமார் 0.4 பங்கு டி.சி.இ. அதைத் தொடும் ஒரு லிட்டர் காற்றில் இருக்கும். எனவே தத்துவப்படி ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டரை லிட்டர் காற்றே போதும். நடைமுறையில் அதைப் போலப் பல மடங்கு காற்றை விட்டு 99 சதவீதத்துக்கு மேல் நீக்கிவிடுவார்கள். செலவு என்று பார்த்தால் முக்கியமாகப் பம்புக்கும் விசிறிக்கும் ஆகும் மின்சாரம்தான். இன்னொரு தொல்லையும் உண்டு. கரைந்திருக்கும் கரியமில வாயுவும் சேர்ந்து வெளியேறுவதால் கடின நீரில் உள்ள சுண்ணாம்பு உள்ளே படிந்து கோபுரத்தை அடைக்கும். அவ்வப்போது கழுவ வேண்டும்.

சரி, தண்ணீரை விட்டுப் போன விஷம் எங்கே போகும்? ஏர் ஸ்ட்ரிப்பிங் எதையும் அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது! ஏற்கெனவே தண்ணீரால் பாதிக்கப்பட்ட மக்கள் இனி காற்றிலும் அதைச் சுவாசிக்க வேண்டுமா? டூசானில் வெளியேறும் காற்றை ஆக்டிவேட்டட் கார்பன் வழியாக அனுப்பினார்கள். டி.சி.இ. கார்பனில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்தக் கார்பனை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. கழிவு என்பது கேரம் காய் மாதிரி, ஒன்றைத் தள்ளினால் இன்னொன்று நகரும்.

கோபுரத்தால் முடியாதது

2002-ல் புதிய சிக்கல். அதே நிலத்தடி நீரில் 1,4-டையாக்ஸேன் என்ற ரசாயனம் தெரிய வந்தது. கரைப்பான்கள் கெடாமல் இருக்கச் சேர்க்கப்பட்ட பொருள் அது. புதிதாக வந்து கலந்ததல்ல, நுண்ணிய அளவில் அளக்க முடிந்தபோதுதான் தெரிந்தது.

இது தண்ணீரோடு எந்த விகிதத்திலும் கலந்துவிடும். காற்றுக்குத் தாவ ஆசையே கிடையாது. இதன் ஹென்றி மதிப்பு சுமார் 0.0002. டி.சி.இ.க்கு ஒரு லிட்டருக்கு இரண்டரை லிட்டர் காற்று போதும் என்றால் இதற்குக் குறைந்தது 5,000 லிட்டர் வேண்டும்! எந்த விசிறியாலும் கட்டுப்படியாகாது. கோபுரத்துக்குள் போன டையாக்ஸேன் ஏறக்குறைய அப்படியே வெளியே வந்தது.

அதனால் 2014-ல் புறஊதாக் கதிரும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் கொண்டு இரண்டு ரசாயனங்களையும் உடைத்து அழிக்கும் புதிய ஆலையைத் திறந்தார்கள். 20 ஆண்டுகள் உழைத்த கோபுரங்கள் ஓய்வு பெற்றன.

கதை அதோடும் முடியவில்லை. அடுத்து வந்தது தீயணைப்பு நுரைகளில் இருந்த பிஃபாஸ் வகை ரசாயனங்கள். இவற்றைப் புறஊதா முறையும் உடைக்காது. மிச்சப் பெராக்ஸைடை நீக்க வைத்திருந்த கார்பன்தான் தற்செயலாக இவற்றையும் பிடித்துக் கொடுத்தது. ஆனால் கிணறுகளில் அளவு ஏறிக்கொண்டே போனதால், 2021 ஜூனில் அந்த நிலையத்தில் இருந்து குடிநீர் தருவதையே நகராட்சி நிறுத்திவிட்டது. டி.சி.இ.யின் பயன்பாடு முழுவதையும் படிப்படியாகத் தடை செய்யும் விதியை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 டிசம்பரில்தான் வெளியிட்டது. கிணறுகளை மூடி 43 ஆண்டுகள் கழித்து! அதற்கும் எதிர்ப்பு வழக்குகள் வந்தன.

என்ன புரிகிறது?

ஏர் ஸ்ட்ரிப்பிங் தோற்றுவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆவியாகும் மாசுக்கு இன்றும் அதுதான் மலிவான, நம்பகமான முறைகளில் ஒன்று. டூசானிலும் தன்னிடம் கேட்ட வேலையை அது சரியாகவே செய்தது. கேட்காத வேலையை அதனால் செய்ய முடியாது, அவ்வளவுதான். ஒவ்வொரு சுத்திகரிப்பு முறையும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கான பதில். தண்ணீரில் என்ன இருக்கிறது என்று முதலில் தேடத் தெரிந்திருக்க வேண்டும். தேடாத பொருளை எந்த ஆலையும் நீக்காது, நீக்கினாலும் அது அதிர்ஷ்டம்தான்.

இன்னொன்று. தடுப்பில்லாத குழியில் ஊற்றியவர்களுக்கு மிச்சமானது கொஞ்சம் பணம். அதற்கு ஈடாகச் செலவானது ஒரு கோபுரம், ஒரு கதிர் ஆலை, 8.45 கோடி டாலர், மூன்று தலைமுறைகளின் நிம்மதி. 'வெள்ளம் வருமுன் அணை போடு' என்ற நம் பழமொழி நிலத்தடி நீருக்கு இரண்டு மடங்கு பொருந்தும். ஏனென்றால் இந்த வெள்ளம் வருவது யார் கண்ணுக்கும் தெரியாது.

அடுத்த முறை அந்தக் கோபுரக் கணக்கைப் போடும்போது டூசானின் தெற்குத் தெருக்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே. உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.