வீட்டினுள் புகுந்த சட்டம்

ஜீவனஹள்ளியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்து வருகின்றன. பிறந்தகம் வேலூரிலோ தருமபுரியிலோ இருக்க, புகுந்தகம் பெங்களூரில் அமைந்த பெண்கள் நம்மிடையே அநேகர். கணவன் கை நீட்டினால் அத்தகையவள் எங்கே சென்று முறையிடுவது? இதற்குச் சட்டம் விடை கூற நெடுங்காலம் ஆயிற்று.

1961-ஆம் ஆண்டின் வரதட்சிணைத் தடைச் சட்டம் கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியது. ஆனால் வரதட்சிணைக்காக வீட்டினுள் நிகழ்ந்த கொடுமையோ, ‘குடும்ப விவகாரம்’ என்றே ஒதுக்கப்பட்டு வந்தது. 1979-இல் டில்லி மாதர் இதனை எதிர்த்து வீதியில் ஊர்வலம் வந்தனர். அதே ஆண்டில் பெங்களூரில் ‘விமோசனா’ என்னும் மாதர் அமைப்பு தோன்றியது. தீக்காயத்தால் இறந்த இளம் மனைவியரின் வரலாறுகளை அவ்வமைப்பினர் 1990-களில் துருவி ஆராய்ந்தனர். ஏடுகளில் பெரும்பாலும் ‘ஸ்டவ் வெடித்த விபத்து’ என்றே எழுதப்பட்டிருந்தது. அதே ஸ்டவ்வில் சமைத்த மாமியார்களை அது ஏனோ தீண்டவில்லை!

1983-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498-ஏ பிரிவு சேர்ந்தது. மனைவியைக் கொடுமை செய்யும் கணவனுக்கும் அவன் உறவினருக்கும் 3 ஆண்டு வரை சிறை. 1986-இல் வரதட்சிணை மரணம் தனிக் குற்றமாயிற்று. 2024 ஜூலை முதல் இவை பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெற்றுள்ளன.

எனினும் கணவனைச் சிறைக்கு அனுப்ப விரும்பாத பெண்களும் உளர். அடி நிற்கவேண்டும், தலைக்கு மேல் கூரை வேண்டும் என்பதே அவர்கள் வேண்டுவது. அவர்கள் பொருட்டு வந்தது 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். 2006 அக்டோபர் 26 முதல் அமலாயிற்று. அடிக்கலாகாது, வீட்டைவிட்டுத் துரத்தலாகாது, ஜீவனாம்சம் தரவேண்டும் என மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். ஆயின் அது அமலான இரண்டே மாதத்தில், மாமியார் பெயரிலுள்ள வீட்டில் மருமகள் உரிமை கோர இயலாதென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீடு பெரும்பாலும் யார் பெயரில் இருக்கும் என்பதை நாம் அறிவோம். அத்தீர்ப்பு 2020-இல்தான் மாற்றப்பட்டது.

ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு முக்கியமானது இதன் 27-ஆம் பிரிவு. பெண் தற்காலிகமாகத் தங்கியுள்ள இடத்திலோ, வேலை பார்க்கும் இடத்திலோ மனுச் செய்யலாம். வேலூருக்குத் திரும்பியவள் வேலூரிலும், ஜீவனஹள்ளியிலேயே தங்கியவள் பெங்களூரிலும் நீதி கேட்கலாம். கொடுமைக் குற்றத்திற்கும், அவள் அடைக்கலம் புகுந்த ஊரிலேயே வழக்குத் தொடரலாமென 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. வருமானம் எவ்வளவாயினும், பெண்ணுக்கு வக்கீலை இலவசமாக அமர்த்தித் தருவது சட்ட உதவி மையங்களின் கடமை.