ஒரே வால்வு, இரண்டு பாட்டு

தூத்துக்குடியில் வால்வு கிடார் ஆம்ப்ளிஃபயரின் வரலாற்றைத் தேடினால் ரேடியோ மெக்கானிக்கிடம்தான் போய் நிற்க வேண்டும்.

1952-இல் பி.வி. கேஸ்கர் ஒலிபரப்பு அமைச்சரான பின் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஓரங்கட்டப்பட்டது. 1957-இல் விவித் பாரதி வரும்வரை பாட்டுக்கு இலங்கை வானொலிதான் கதி. எங்க ஊருக்கு அது அக்கரைச் சத்தம். நடுவில் மன்னார் வளைகுடா மட்டும்.

அந்தக் காலத்து வால்வு ரேடியோக்கள் பலவற்றில் ஸ்பீக்கரை ஓட்டிய வால்வு இ.எல்.84. பீட்டில்ஸ் வாசித்த வாக்ஸ் ஏசி30-க்குள் இருப்பதும் அதேதான், நான்கு. பெங்களூரு பெல் நிறுவனமும் அதைத் தயாரித்தது.

ஆகவே பழுதும் ஒன்றுதான். முந்தைய கட்டத்திலிருந்து ஒலியைக் கொண்டுவரும் கன்டென்சர் வயதாகிக் கசிந்தால், டி.சி. மின்னழுத்தம் கிரிட்டில் ஏறி வால்வு செக்கச்செவேலென்று சிவந்துவிடும். போதாததற்கு உப்புக்காத்து சாக்கெட்டை அரிக்கும். விவரம் தெரிந்த மெக்கானிக் பழைய பெட்டியை நேரே பிளக்கில் சொருக மாட்டார். ஒரு குண்டு பல்பைத் தொடரில் போட்டு எழுப்புவார். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட்.

இன்று பழைய வால்வுக்குக் காசு கொடுப்பவர்களில் கிடார்காரர்கள் உண்டு. ரேடியோவிலிருந்து உருவிய வால்வால் ஆம்ப்ளிஃபயர் பிழைக்கும். ரேடியோ வெறும் மரப்பெட்டியாகிவிடும். கன்டென்சரை மாற்றுவதால் பழம்பொருள் கெட்டுவிடாது என்பது என் கட்சி. அது எந்த வீட்டில், எந்த நேரத்தில், யாருக்காகப் பாடியது என்பது தொலைந்தால்தான் கெட்டது. அந்தக் கணக்கு மெக்கானிக் அண்ணாச்சிகளின் ஞாபகத்தில் இருக்கிறது. வால்வை உருவுவதற்கு முன் அதைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.